குழுக் கடிதம் ஏன் ஸ்பாமுக்குப் போனது?

வணக்கம் நண்பர்களே. எங்கள் வாசகர் மெயில் குழுவில் இருக்கும் ஓர் அக்கா போன வாரம் போனில் கேட்டார்: "தம்பி, என்னைக் குழுவிலிருந்து எடுத்துட்டீங்களா? ரெண்டு மாசமா புத்தகப் பட்டியலே வரலையே." எனக்குச் சங்கடமாகிவிட்டது. பட்டியல் போய்க்கொண்டுதான் இருந்தது, அவருடைய ஸ்பாமுக்கு. விசாரித்தால், ஜிமெயில் வைத்திருந்த மற்றவர்களுக்கும் இதே கதை.

திரையைப் பாருங்கள். மெயிலின் மூன்று புள்ளியை அழுத்தி 'ஷோ ஒரிஜினல்' போகிறேன். எஸ்பிஎஃப் பாஸ்: இந்த டொமைன் (முகவரியில் @-க்குப் பின் வரும் பெயர்) சார்பில் மெயில் அனுப்ப இந்த சர்வருக்கு அனுமதி உண்டா என்ற சோதனை இது. டிகேஐஎம் ஃபெயில். டிமார்க் ஃபெயில்: முதல் இரண்டில் ஒன்றாவது அனுப்புநராகத் தெரியும் டொமைனுக்குப் பாஸ் ஆகிறதா, ஆகாவிட்டால் என்ன செய்வது என்று சொல்வது இது.

டிகேஐஎம் என்பது அரக்கு முத்திரை மாதிரி. நான் அனுப்பும்போதே என் சர்வர் தலைப்புக்கும் உள்ளடக்கத்துக்கும் சேர்த்து முத்திரை வைத்துவிடுகிறது. நடுவில், மெயிலை எல்லோருக்கும் பிரித்து அனுப்பும் குழு மென்பொருள் என்ன செய்கிறது? தலைப்புக்கு முன்னால் '[வாசகர்]' என்று போடுகிறது, அடியில் விலகும் இணைப்போடு இரண்டு வரி ஒட்டுகிறது. அவ்வளவுதான், முத்திரை உடைந்துவிட்டது. எஸ்பிஎஃப் பாஸ் ஆனாலும் அது குழு சர்வரின் டொமைனுக்குத்தான், அனுப்புநராகத் தெரியும் என் டொமைனுக்கு இல்லை. என் டிமார்க்கில் 'குவாரன்டைன்', அதாவது ஃபெயில் ஆனால் ஸ்பாமில் போடு என்று நானே எழுதி வைத்திருக்கிறேன். ஜிமெயில் அதன்படி நடந்தது.

2014 ஏப்ரலில் யாஹூ தன் டிமார்க்கை 'ரிஜெக்ட்' (வாங்காமலே திருப்பி அனுப்பு) என்று மாற்றியபோது உலகம் முழுக்கக் குழு மெயில்கள் இப்படித்தான் திரும்பி வந்தன. மெயில்மேன் என்ற குழு மென்பொருளில் அனுப்புநர் முகவரியைக் குழுவின் முகவரியாக மாற்றும் அமைப்பு இருக்கிறது. அதுவும் ஒரு வழி. எனக்குப் பிடித்தது வேறு: தலைப்பில் சேரும் '[வாசகர்]' என்பதையும் அடிக்குறிப்பையும் எடுத்துவிடுவது. எழுதியவர் முகவரி அப்படியே இருக்கும்.

சரி, விலகும் இணைப்பு? அதை லிஸ்ட்-அன்சப்ஸ்கிரைப் என்ற ஹெடரில் (மெயிலோடு போகும், சாதாரணமாகக் கண்ணில் படாத தகவல் வரி) வையுங்கள். இதில் மட்டும் அலட்சியம் வேண்டாம். ஸ்பாம் புகார் 0.1 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும், 0.3-ஐத் தொடவே கூடாது என்கிறது கூகுள். 300 பேர் குழுவில், ஒரு நாளில் ஒரே ஒருவர் 'ஸ்பாம்' அழுத்தினாலே 0.33 ஆகிவிடுகிறது. விலக நினைப்பவரை உடனே விலக விடுங்கள்.

இதோ, மாற்றிய பிறகு அனுப்பியது: மூன்றுமே பாஸ். அக்காவுக்கு இன்பாக்ஸிலேயே வந்துவிட்டது. இந்த மாதப் பட்டியலையும் 'நாட் ஸ்பாம்' அழுத்தி மீட்டுவிட்டார். ஸ்பாமில் 30 நாள்தான் இருக்கும் என்பதால் போன மாதத்துப் பட்டியல் அழிந்துவிட்டது. அதை இன்று ராத்திரி எல்லோருக்கும் மறுபடி அனுப்புகிறேன்.