ஒரு சோறும் ஒரு சொட்டு இரத்தமும்

வானொலி நேயர்களுக்கு வணக்கம்.

ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது நம் வீடுகளில் தலைமுறை தலைமுறையாகப் புழங்கிவரும் அளவீட்டு முறை. உணவுப் பரிசோதனைக் கூடத்தில் நெடுங்காலம் வேலை பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: அது நல்ல அறிவியல்தான், ஆனால் சோற்றுக்கு மட்டும். ஒரே அரிசி, ஒரே தண்ணீர், ஒரே கொதி என்பதால் எந்தப் பருக்கையை எடுத்தாலும் ஏறக்குறைய ஒரே பதத்தில் இருக்கும். சாம்பாருக்கு அது பொருந்தாது. வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஒரு போத்தல் சாம்பாரில் புரதம் எவ்வளவு என்று பார்க்கச் சொன்னார்கள். இரண்டு முறை சோதித்தேன்; இரண்டு விடைகளும் ஒன்றோடொன்று ஒட்டவே இல்லை. மேலதிகாரி என் கருவியைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. போத்தலைத் தூக்கி வெளிச்சத்தில் காட்டினார். மேலே புளித்தண்ணீர், அடியில் இரண்டு விரற்கடைப் பருப்பு. முதல் தடவை மேலாக மொண்டிருக்கிறேன். மறு தடவை அடியிலிருந்து. அன்று முதல், எதையும் அரைத்துக் கூழாக்கிய பிறகுதான் தராசுப் பக்கம் போவேன்.

சொல்லப்போனால், அந்தச் சோதனை புரதத்தை நேரடியாக அளப்பதே இல்லை. கோபன்ஹேகனில், கார்ல்ஸ்பெர்க் ஆய்வகத்தில், யோஹான் கெல்டால் 1883இல் வகுத்த முறை அது. உணவை அடர் கந்தக அமிலத்தில் கொதிக்கவைத்து, அதிலுள்ள நைட்ரஜனை அம்மோனியாவாகப் பிரித்து அளப்பார்கள். புரதத்தில் சுமார் 16 விழுக்காடு நைட்ரஜன் என்பதால், கிடைத்த எண்ணை 6.25ஆல் பெருக்கிப் புரதம் என்று எழுதுவார்கள். சீனாவில் 2008இல் வெளிப்பட்ட பால் கலப்படத்தில், தண்ணீர் சேர்த்த பாலில், பிளாஸ்டிக் செய்ய உதவும் மெலமின் என்ற வேதிப்பொருளைக் கலந்தவர்கள் இந்தச் சந்தில்தான் புகுந்தார்கள். மெலமினின் எடையில் மூன்றில் இரண்டு பங்கு நைட்ரஜன். சோதனை, புரதம் போதிய அளவு இருக்கிறது என்றது. பச்சிளங்குழந்தைகளின் சிறுநீரகங்களில் கல் சேர்ந்தது. கருவி பொய் சொல்லவில்லை. கேட்ட கேள்விக்குத்தான் பதில் சொன்னது.

நம் ஊரான சிங்கப்பூருக்கு வருவோம். பானங்களுக்கு ஏ முதல் டி வரை தரம் குறிக்கும் நியூட்ரி-கிரேட் முறை, போத்தலிலும் பொட்டலத்திலும் வரும் பானங்களுக்கு 2022 டிசம்பர் இறுதியிலும், கடையில் கலந்து தரும் பானங்களுக்கு அடுத்த ஆண்டு டிசம்பர் இறுதியிலும் நடப்புக்கு வந்தது. 100 மில்லிலிட்டரில் 5 கிராமுக்கு மேல், 10 கிராம் வரை சர்க்கரை இருந்தால் சி. அதற்கு மேல் டி. நிறைவுற்ற கொழுப்புக்கும் இதுபோல் வரம்பு உண்டு. நல்ல ஏற்பாடு என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் தேக்கா உணவங்காடியில் நாம் 100 மில்லிலிட்டர் தே, அதாவது தேநீர், குடிப்பதில்லை. 250 மில்லிலிட்டர் பிடிக்கும் குவளையில் சி தரப் பானம் என்றால், பன்னிரண்டரை கிராமுக்கு மேல் 25 கிராம் வரை சர்க்கரை, அதாவது ஏறக்குறைய மூன்று முதல் ஆறு தேக்கரண்டி. எழுத்து பானத்தின் அடர்த்தியைச் சொல்கிறது. குவளையின் அளவை நாம்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஓர் உணவு இரத்தச் சர்க்கரையை எவ்வளவு ஏற்றுகிறது என்று காட்டும் கிளைசீமிக் குறியீட்டின் கதையும் இதுவே. டொரொன்டோவில் டேவிட் ஜென்கின்ஸும் அவருடைய குழுவினரும் 1981இல் அறிமுகப்படுத்திய இந்த எண் எந்தக் கருவியிலிருந்தும் வருவதில்லை. மனித உடம்பிலிருந்து வருகிறது. நீரிழிவு இல்லாத பத்துப் பேரை இரவு முழுவதும் பட்டினியாக வைத்து, செரிக்கக்கூடிய மாவுச்சத்து சரியாக 50 கிராம் இருக்கும்படி உணவைக் கொடுத்து, இரண்டு மணி நேரம் இடைவிட்டு இடைவிட்டு இரத்தம் எடுத்து, சர்க்கரை எவ்வளவு ஏறி இறங்கியது என்று கோடு வரைந்து, அதை அவர்களே குளுக்கோஸ் குடித்த நாளின் கோட்டோடு ஒப்பிடுகிறார்கள். குளுக்கோசுக்கு 100, 55 வரை குறைவு, 70 முதல் அதிகம். தர்பூசணிக்கு அதிகம் என்று வந்ததால் அதை அறவே ஒதுக்கியவர்களை நான் அறிவேன். ஆனால் தர்பூசணியில் 50 கிராம் மாவுச்சத்து கிடைக்க அரைக் கிலோவுக்கு மேல் தின்ன வேண்டும்! சோற்றிலோ, ஒரு கிண்ணத்திலேயே அந்த அளவு வந்துவிடும்.

இனி அந்த ஒரு சொட்டு இரத்தம். எங்கள் அடுக்குமாடியில் இரண்டு வீடு தள்ளி ஓர் அக்கா இருக்கிறார். ஒருநாள் முற்பகலில் கையில், விரலைக் குத்திச் சர்க்கரை பார்க்கும் குளுக்கோமீட்டரோடு வந்து, "தம்பி, பதினாலு காட்டுது, ஆஸ்பத்திரிக்குப் போயிடவா?" என்றார். நான் அவர் விரல்களைப் பார்த்தேன், மஞ்சளாக இருந்தன. பேரனுக்கு மாம்பழம் நறுக்கிவிட்டு அப்படியே விரலைக் குத்தியிருக்கிறார். "கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, நன்றாகத் துடைத்துவிட்டு இன்னொரு விரலில் பாருங்கள் அக்கா" என்றேன். 7.9 வந்தது. அவர் உடம்பில் எதுவும் மாறவில்லை. முதலில் அளந்தது மாம்பழச் சாற்றை.

கையைக் கழுவினாலும், வீட்டுக் கருவிக்கென்று ஒரு பிசகு உண்டு. இங்கே கருவி காட்டும் எண், ஒரு லிட்டர் இரத்தத்தில் எத்தனை மில்லிமோல் சர்க்கரை என்பது. 5.55 மில்லிமோலுக்குக் குறையாத அளவுகளில், நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து முடிவுகளாவது ஆய்வக அளவிலிருந்து 15 விழுக்காட்டுக்குள் இருக்க வேண்டும் என்பதே பன்னாட்டுத் தரவிதி. ஆகவே நேற்று 8.1, இன்று 8.6 என்று மனம் உடைந்துபோவதில் பொருளில்லை. இடையில் ஒன்று: தமிழ்நாட்டு உறவினர் தொலைபேசியில் "சுகர் 140" என்றால் திடுக்கிட வேண்டாம். அங்கே 100 மில்லிலிட்டருக்கு இத்தனை மில்லிகிராம் என்று சொல்கிறார்கள். 18ஆல் வகுத்தால் நம் கணக்கில் 7.8 மில்லிமோல்.

இரத்தச் சர்க்கரை சோறு அல்ல, சாம்பார். காலையில் ஒன்று, பசியாறிய ஒரு மணி நேரத்தில் வேறொன்று, மாலை நடைக்குப் பின் இன்னொன்று. அதைக் கலக்கிக் கொடுக்கும் வேலையை உடம்பே செய்கிறது. சிவப்பணு ஒன்று சுமார் 120 நாள் வாழ்கிறது. அந்த நாளெல்லாம் அதன் ஹீமோகுளோபினில் சர்க்கரை கொஞ்சங்கொஞ்சமாக ஒட்டிக்கொண்டே போகிறது. அந்த ஒட்டுதலை அளப்பதுதான் எச்பிஏ1சி. இரண்டு மூன்று மாதத்தின் சராசரி அதில் தெரியும். சிங்கப்பூரில் இந்தச் சோதனையில் 7.0 விழுக்காடும் அதற்கு மேலும் நீரிழிவு, 6.1 முதல் 6.9 வரை வந்தால் வேறொரு சோதனையும் செய்து உறுதிப்படுத்துகிறார்கள். இதற்கும் ஒரு விலக்கு உண்டு. சிவப்பணுக்கள் விரைவில் அழியும் இரத்தசோகை இருப்பவர்களிடம், சர்க்கரை ஒட்ட நாள் போதாமல், எண் உண்மையைவிடக் குறைவாக வரலாம். இரும்புச் சத்துக் குறைவு இருந்தால் கூடுதலாகவும் வரலாம். குடும்பத்தில் தலசீமியா என்ற பரம்பரை இரத்தக் கோளாறு இருந்தால், இரத்தம் கொடுக்கும் முன்பே மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்.

அந்த அக்கா இப்போது ஒரு பள்ளி நோட்டுப் புத்தகம் வைத்திருக்கிறார். எண்ணுக்குப் பக்கத்தில் மணி, சாப்பிட்டு எவ்வளவு நேரம், என்ன சாப்பிட்டார் என்று எழுதுகிறார். சென்ற மாதத்தில் 13.2 என்று ஒரு வரி. எதிரே "பெரியப்பா மகள் கல்யாணம், பாயசம் இரண்டு தடவை" என்றிருக்கிறது. பலதுறை மருந்தகத்தில் மருத்துவர் அந்த வரியைப் படித்துச் சிரித்துவிட்டு, மருந்தை மாற்றாமல் அடுத்த பக்கத்தைப் புரட்டினாராம்.

நன்றி, வணக்கம்.