பூநாரையும் உப்பும் இறாலும்

(காட்சி: ஏ-9 வீதி, ஆனையிறவு. இரண்டு பக்கமும் தண்ணீர்.)

வணக்கம். மாரி ஓய்ந்த கையோடு பஸ்ஸில் யாழ்ப்பாணம் வந்தவர்கள் பார்த்திருப்பீர்கள். கடனீரேரியின் நடுவே இளஞ்சிவப்பாக ஒரு கோடு தெரியும். பூநாரைக் கூட்டம்!

(காட்சி: ஒரு பூநாரை, மிக அருகில்.)

அலகைத் தலைகீழாகக் கவிழ்த்துச் சேற்றுத் தண்ணீரைச் சலிக்கிறது, பாருங்கள். தண்ணீரை நாக்கால் வெளியே தள்ளிவிட்டு, கூனி போன்ற சிற்றுயிர்களையும் பாசியையும் உள்ளே நிறுத்திக்கொள்ளும். அதன் சிவப்பு நிறமே இந்தச் சாப்பாட்டில் வருவதுதான். தண்ணீர் ஆழமானாலும் பட்டினி, வற்றினாலும் பட்டினி.

(காட்சி: சுண்டிக்குளம். வீச்சுவலை விரிந்து விழுகிறது.)

இதே தண்ணீரில்தான் எங்கள் சனம் இறால் பிடிக்கிறது. சரி, பறவையா மனிதரா? கேள்வியே பிழை என்பேன்.

ஆனையிறவுக்குக் கிழக்கே, இதே நீர்ப்பரப்பை ஒட்டியுள்ள சுண்டிக்குளம் 1938இல் சரணாலயமானது, 2015இல் தேசிய பூங்காவானது. வெறும் பெயர் மாற்றம் இல்லை இது. இலங்கைச் சட்டப்படி சரணாலயத்துக்குள் தனியார் காணி இருக்கலாம், வழமையான தொழிலும் நடக்கலாம். தேசிய பூங்கா என்றால் அரச காணி, உள்ளே போகவே அனுமதி வேண்டும். அப்பன் பாட்டன் காலத்திலிருந்து வலை வீசும் ஒருவருக்கு அந்த வித்தியாசம் வீட்டு அடுப்பில் தெரியும்.

(காட்சி: உப்பளப் பாத்திகள்.)

அப்புறம் உப்பளம். ஆனையிறவில் போரால் நின்றுபோன உப்பு மறுபடி விளைகிறது. உப்பளம் வேலை செய்யும் விதத்தைக் கவனியுங்கள். முதல் பாத்தியில் மீன்குஞ்சு பிழைக்கும். வெயில் குடிக்கக் குடிக்க உப்பு ஏறும். நடுப்பாத்திகளில் மீன் தாங்காது, உப்பைத் தாங்கும் சிற்றுயிர்கள் பெருகும், பறவை இறங்குவது அங்கேதான். கடைசிப் பாத்தியில் உப்பு மட்டுமே. உப்பு வாருவது கோடையில், வலசைப் பறவைகள் நிறைவது மாரியில். ஒரே நிலம், இரண்டு பேருக்கும் சோறு.

எல்லாத் தொழிலும் இப்படி ஒத்துப்போகாது. தண்ணீரோரம் வளரும் கண்டல் மரங்களை வெட்டிக் கரையை நிரவினால் இறால்குஞ்சு ஒதுங்க இடமில்லை. பறவைக்கு முன்பே மீனவர் வீடு காயும்.

(காட்சி: வெடித்துக் கிடக்கும் கரை.)

ஆகவே பூங்காவின் எல்லையைத் தீர்மானிக்கிறவர்கள் ஊர் மீனவர்களோடு இரண்டு பருவமும் இங்கே நடக்கவேண்டும். ஆடியில் காய்ந்த தரையில் நடும் எல்லைக்கல், மார்கழியில் தண்ணீருக்குள் நிற்கும்.