டீ விலை குறைஞ்சதுக்கு பாஸ்டன் ஏன் கொதிச்சுது?

வணக்கம் மக்களே. 1773 டிசம்பர் 16 ராத்திரி, அப்ப பிரிட்டன் காலனியா இருந்த அமெரிக்காவுல, பாஸ்டன் துறைமுகத்துல 342 பெட்டி தேயிலையைப் பிளந்து கடல்ல கொட்டினாங்க. ஸ்கூல்ல எல்லாரும் படிச்சிருப்போம். "பிரிட்டன் வரி போட்டுச்சு, மக்கள் கோபப்பட்டாங்க"ன்னு ரெண்டு வரியில முடிச்சிருப்பாங்க. ஆனா அந்த வருஷம் வந்த சட்டத்தால டீ விலை ஏறவே இல்லை, இறங்குச்சு. விலை இறங்கினதுக்கு ஒரு ஊரே ஏன் கெளம்பணும்? அதைத்தான் இன்னைக்குப் பேசப் போறேன்.

1763-ல இருந்து ஆரம்பிக்கணும். பிரான்ஸோட நடந்த ஏழாண்டுப் போர்ல பிரிட்டன் ஜெயிச்சுது, கனடா கைக்கு வந்துச்சு. ஆனா அரசாங்கத்தோட கடன் கிட்டத்தட்ட ரெண்டு மடங்காயிடுச்சு. அமெரிக்காவுல நிறுத்தின படைக்கு ஆகுற செலவுல ஒரு பங்கை அங்க இருக்கிறவங்களே குடுக்கட்டும்னு லண்டன்ல முடிவு பண்ணாங்க. லண்டன் பக்கத்து நியாயத்தையும் சொல்லிடணும். பிரிட்டன்ல இருந்த சாதாரண மனுஷன் கட்டின வரி, அமெரிக்காவுல குடியேறினவங்க கட்டினதைவிட பல மடங்கு அதிகம்.

முதல்ல வந்தது 1764 சர்க்கரைச் சட்டம். ரம் காய்ச்சுறதுக்கு வெளிநாட்டுத் தீவுகள்ல இருந்து வாங்குற மொலாசஸுக்கு (சர்க்கரைக் கழிவுப்பாகு) ஒரு காலனுக்கு 6 பென்ஸா இருந்த வரியை 3 பென்ஸா குறைச்சாங்க. அப்புறம் ஏன் எதிர்ப்பு? அந்த 6 பென்ஸை அதுவரைக்கும் பெரும்பாலும் யாரும் கட்டினதே இல்லை. சுங்க அதிகாரிக்கு ஏதோ குடுத்துட்டு சரக்கை இறக்கிடுவாங்க. இப்ப கடற்படைக் கப்பலே ரோந்து வந்துச்சு. பிடிபட்டா கேஸ் கடற்படை நீதிமன்றத்துக்குப் போகும். அங்க ஊர்க்காரங்க உட்காருற ஜூரி கிடையாது, நீதிபதி ஒருத்தர்தான். வரியைவிட இதுதான் வியாபாரிகளுக்கு உறுத்துச்சு.

1765-ல முத்திரைச் சட்டம். பத்திரம், உயில், லைசென்ஸ், செய்தித்தாள், பட்டச் சான்றிதழ், சீட்டுக்கட்டு வரைக்கும் எல்லாத்துலயும் அரசு முத்திரை இருக்கணும். அதுக்குக் காசு, அதுவும் பிரிட்டிஷ் நாணய மதிப்புல. இதுல நேரா அடி வாங்கினது யாருன்னு பாருங்க: வக்கீலுங்க, பத்திரிகை அடிக்கிறவங்க, மதுக்கடைக்காரங்க. ஊர்ல எந்தப் பேச்சு கெளம்பினாலும் இவங்க வழியாத்தான் போகும்! பாஸ்டன்ல முத்திரை விக்க நியமிச்ச ஆண்ட்ரூ ஆலிவரோட உருவ பொம்மையை ஒரு எல்ம் மரத்துல தொங்கவிட்டாங்க, அவர் வீட்டை அடிச்சாங்க, அவர் பதவியை விட்டார். சட்டம் அமலுக்கு வர வேண்டிய நவம்பர் 1-க்கு முத்திரை விக்கிறதுக்கு அநேகமா எங்கயும் ஆளே இல்லை.

1766 மார்ச்ல சட்டத்தை வாபஸ் வாங்கிட்டாங்க. ஊர் ஊரா கொண்டாட்டம். ஆனா அதே நாள்ல பார்லிமென்ட் இன்னொரு சட்டம் போட்டுச்சு. எந்த விஷயமா இருந்தாலும் காலனிகளைக் கட்டுப்படுத்துற சட்டம் போட எங்களுக்கு அதிகாரம் உண்டுன்னு. என்னைக் கேட்டா பிரச்சினையோட வேர் இங்கதான். அந்த பார்லிமென்ட்ல அமெரிக்காவுல இருந்து ஒரு உறுப்பினர்கூட கிடையாது. எங்க சட்டசபை கேட்டா குடுக்கிறோம், நீங்க யாரு கேக்குறதுன்னு காலனிக்காரங்க சொன்னாங்க.

1767-ல கண்ணாடி, ஈயம், பெயின்ட், பேப்பர், டீ இதுக்கெல்லாம் வரி. கொண்டு வந்த நிதியமைச்சர் பேரால அதுக்கு டவுன்ஷெண்ட் வரின்னு பேரு. வசூலான பணத்துல கவர்னருக்கும் நீதிபதிக்கும் சம்பளம் குடுக்கலாம்னு ஏற்பாடு. இதை கவனிங்க. அதுவரைக்கும் பல காலனிகள்ல கவர்னர் சம்பளத்தை உள்ளூர் சட்டசபைதான் ஒதுக்கும். அவர் ரொம்ப ஆடினா சம்பளத்தை நிறுத்தி வெக்கலாம். அந்தப் பிடியும் போயிடும். 1768-ல பாஸ்டன்ல ராணுவம் இறங்குச்சு, 1770 மார்ச் 5 துப்பாக்கிச்சூட்டுல 5 பேர் செத்தாங்க. அதே வருஷம் மத்த வரியெல்லாம் எடுத்துட்டு டீக்கு மட்டும் ஒரு பவுண்டு எடைக்கு 3 பென்ஸை விட்டு வெச்சாங்க. உரிமையை விட்டுக்குடுக்கலைன்னு காட்டுறதுக்கு.

இப்ப கதைக்குள்ள கிழக்கிந்திய கம்பெனி வருது. ஆமா, நம்மள ஆண்ட அதே கம்பெனி. கடன்ல மூழ்கிக் கிடந்துச்சு, லண்டன் கிடங்குல தேயிலை விக்காம குவிஞ்சு கிடந்துச்சு. கம்பெனியைக் காப்பாத்த 1773-ல தேயிலைச் சட்டம் வந்துச்சு. பிரிட்டன்ல கட்ட வேண்டிய வரி தள்ளுபடி, கம்பெனியே தன்னோட ஏஜென்ட்கள் மூலமா அமெரிக்காவுல நேரா விக்கலாம். டீ மலிவாச்சு, ஆனா அந்த 3 பென்ஸ் அப்படியே இருந்துச்சு. மலிவா இருக்குன்னு வாங்கிட்டா வரியை ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும். நடுவுல இருந்த வியாபாரிங்க பிழைப்பும் போயிடும். பாஸ்டன் ஏஜென்ட்கள்ல ரெண்டு பேர் கவர்னர் ஹட்சின்சனோட சொந்தப் பிள்ளைங்க!

என்னை உலுக்கின விஷயம் இது. அதே 1773-ல பென்சில்வேனியா காலனியில ஜான் டிக்கின்சன்ங்கிற வக்கீல் எழுதின ஒரு கடிதத்துல வங்காளத்தைப் பத்திப் பேசுறார். ஆசியாவுல இந்தக் கம்பெனி பண்ணினதைப் பாருங்க, ஒரே வருஷத்துல 15 லட்சம் பேர் பட்டினியில செத்தாங்களாம், இப்ப நம்ம பக்கம் திரும்புறாங்கன்னு எச்சரிக்கிறார். 1770 வங்காளப் பஞ்சத்தைத்தான் சொல்றார். நம்ம மக்கள் செத்த சேதி அத்தனை தூரம் போய் அங்க ஒரு வாதமாவே நின்னுருக்கு.

டிசம்பர் 16-க்கு வருவோம். நவம்பர் 28-ல வந்த டார்ட்மத் கப்பல் 20 நாளுக்குள்ள வரி கட்டலைன்னா சுங்கத்துறை சரக்கை எடுத்துக்கும். கப்பலைத் திருப்பி அனுப்பவும் ஹட்சின்சன் விடலை. 16-ம் தேதி சாயங்காலம் ஓல்ட் சவுத்ங்கிற சர்ச்சுல நடந்த கூட்டத்துல ஆயிரக்கணக்கான பேர். கவர்னரோட பதில் "முடியாது"ன்னு வந்ததும் ஆளுங்க துறைமுகத்துக்குப் போறாங்க, மோஹாக் பழங்குடி வேஷத்துல. மூணு கப்பல்ல சுமார் மூணு மணி நேரம் வேலை நடந்துச்சு. கடல் உள்வாங்கின நேரம்கிறதால தேயிலை கப்பல் பக்கத்துலயே குவிஞ்சு நின்னுச்சு. வேற பொருள்ல கை வெக்கல. உடைஞ்ச பூட்டு ஒண்ணுக்குக்கூட புதுப் பூட்டு வாங்கிக் குடுத்தாங்க. கம்பெனி சொன்ன நஷ்டம் 9,659 பவுண்டு.

லண்டன் 1774-ல பாஸ்டன் துறைமுகத்தையே மூடுச்சு, பாஸ்டன் இருக்கிற மாசசூசெட்ஸ் காலனியில ஊர்க்கூட்டம் போடவே கவர்னர்கிட்ட அனுமதி கேக்க வெச்சுது. மத்த காலனிகள் "நாளைக்கு நமக்கும் இதுதான்"னு ஒண்ணு சேர்ந்தது அப்பதான். 1775 ஏப்ரல் 19-ல பாஸ்டன் பக்கத்துல இருக்கிற லெக்சிங்டன்ல துப்பாக்கி வெடிச்சுது, போர் ஆரம்பிச்சுது.

1776 விடுதலைப் பிரகடனத்துல மன்னர் மேல 27 குற்றச்சாட்டு இருக்கு. சம்மதமில்லாம வரி போட்டது 17-வதாத்தான் வருது. முதல் இடத்துல எங்க சட்டங்களுக்கு ஒப்புதல் தரலைங்கிறது. அப்புறம் சட்டசபையைக் கலைச்சது, நீதிபதிகளைக் கைக்குள்ள வெச்சது, அமைதிக் காலத்துலயும் ராணுவத்தை நிறுத்தினது.

பிரகடனத்தை எழுதின ஜெஃபர்சன் தன்னோட வரைவுல அடிமை வியாபாரத்தையும் மன்னர் மேல குற்றமா எழுதியிருந்தார், காலனிப் பிரதிநிதிகளோட சபையான காங்கிரஸ் அதை நீக்கிடுச்சு. ஆனா தேயிலை கொட்டின அதே 1773 ஜனவரியில, அதே மாசசூசெட்ஸ்ல, அடிமைப்பட்டிருந்த கறுப்பின மக்கள் சார்பா ஃபீலிக்ஸ்ங்கிறவர் பேர்ல ஹட்சின்சனுக்கு ஒரு மனு போயிருக்கு. எங்களுக்குச் சொத்து இல்லை, மனைவி இல்லை, பிள்ளை இல்லை, ஊர் இல்லை, நாடு இல்லைன்னு எழுதியிருந்தாங்க. அந்த மனு பத்தி தனியா ஒரு வீடியோ போடுறேன், ஏன்னா அடுத்தடுத்த வருஷம் அவங்க திரும்பத் திரும்ப மனு போட்ட கதை பெருசு. பார்க்கலாம் மக்களே.