எச்சில் தட்டும் இசைத்தட்டும்

அவையோர் அனைவருக்கும் வணக்கம்.

இப்போது நீங்கள் கேட்டது 'டூட்டி ஃப்ரூட்டி', இரண்டரை நிமிடம்கூட ஓடாத ஒரு பாட்டு. எடுத்த எடுப்பில் டிரம்ஸ் இல்லை, பியானோ இல்லை. முதலில் ஒரு மனிதக் குரல் மட்டும் தனியாகப் பாய்ந்து வருகிறது. "அவாப் பாப்பலூ பாப் பலாப் பாம் பூம்!" அதற்குப் பிறகுதான் வாத்தியங்கள் எல்லாம் விழுந்தடித்துக்கொண்டு உள்ளே வருகின்றன. முன்வரிசையில் ஒரு குழந்தை சிரித்தது. சிரிக்கட்டும். எந்த மொழியிலும் இதற்குப் பொருள் கிடையாது, வாயாலேயே போட்ட ஒரு சொற்கட்டு. இது எங்கே பிறந்தது தெரியுமா? ஒரு பேருந்து நிலையத்துச் சமையலறையில், எச்சில் தட்டுகளுக்கு நடுவில். அந்தக் கதையைத்தான் சொல்ல வந்திருக்கிறேன்.

அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் மேக்கன் என்றொரு ஊர். 1932 டிசம்பர் 5 அன்று அங்கே பிறந்தவர் ரிச்சர்ட் வெய்ன் பென்னிமன். உலகத்துக்கு லிட்டில் ரிச்சர்ட். பன்னிரண்டு பிள்ளைகளில் மூன்றாவது. அப்பா பட் பென்னிமன் தேவாலயத்தில் பொறுப்பில் இருந்தவர். கள்ளச்சாராயமும் விற்றார், மதுக்கூடமும் நடத்தினார். அத்தனை வயிறுகளுக்குச் சோறு போட வேண்டுமே. அம்மா லீவா மே. பையனுக்கு ஒரு கால் கொஞ்சம் கட்டை. அதனால் நடை ஒரு மாதிரி இருக்கும். பெண்பிள்ளை மாதிரி நடக்கிறான் என்று தெருவில் கேலி. அவன் போக்கு அப்பாவுக்கும் பிடிக்கவில்லை. கறுப்பின மக்களுக்குத் தனிப் பள்ளி, தனிக் குடிநீர்க் குழாய், பேருந்தில் பின்னிருக்கை என்று சட்டம் போட்டே பிரித்து வைத்திருந்த காலம் அது. வீட்டிலும் இடமில்லை, தெருவிலும் இடமில்லை, நாட்டிலும் இடமில்லை என்றால் ஒரு சிறுவன் எங்கே போவான்?

அவனிடம் இருந்தது குரல் ஒன்றுதான். அதுவும் ஊர் தாங்காத குரல். கோயில் பாடகர் குழுவில் எல்லோரும் ஒரு சுருதியில் பாட, இவன் அதற்கு மேல் ஏறிவிடுவான். 'போர்ப்பருந்து' என்று பட்டப்பெயரே வைத்தார்கள். கத்துகிறான் என்று சொல்லித் தேவாலயத்தில் அவன் பாட்டை நிறுத்தியதும் உண்டு. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். அவன் வாழ்க்கையில் முதலில் எல்லோரும் சொன்னது, "வாயை மூடு" என்பதுதான்.

திறக்கச் சொன்ன முதல் ஆள் ஒரு பெண்மணி. மேக்கன் நகர அரங்கில் நிகழ்ச்சி நடக்கும் நாள்களில் ரிச்சர்ட் கோக்ககோலா விற்பான். 1947 அக்டோபரில் அங்கே பாட வந்தார் சிஸ்டர் ரொசெட்டா தார்ப். மின்கிதாரைத் தோளில் மாட்டிக்கொண்டு கடவுளைப் பாடியவர். ராக் அண்ட் ரோல் என்ற இசைக்கு ஒரு தாய் உண்டென்றால் அது இவர்தான் என்பேன், யார் மறுத்தாலும் சரி. நிகழ்ச்சிக்கு முன்னால் அவர் பாட்டையே அவர் காதில் விழும்படி பாடிக்காட்டினான் பையன். 14 வயது. அந்த அம்மையார் விரட்டவில்லை; மேடையில் ஏற்றிப் பாடவைத்தார், கையில் பணமும் கொடுத்தார். குரலுக்குக் கூலி கிடைக்கும் என்று அன்றைக்குத்தான் அவனுக்குத் தெரிந்தது.

பிறகு வீட்டை விட்டுக் கிளம்பிவிட்டான். ஒரு 'டாக்டர்' ஊர் ஊராகப் போய்ப் பாம்பெண்ணெய் என்ற போலி மருந்தை விற்பார். கூட்டம் சேர்க்க இவன் பாட வேண்டும். இன்னொரு கோஷ்டியில் பெண் வேடம். அட்லாண்டாவில் பில்லி ரைட் என்ற பாடகரைப் பார்த்து, உயரத் தூக்கி வாரிய முடியையும் மெல்லிய மீசையையும் முகப்பூச்சையும் எடுத்துக்கொண்டான். மேக்கன் பேருந்து நிலையத்தில் பழக்கமான எஸ்கெரிட்டா என்ற இளைஞரிடம் பியானோவை அடித்து வாசிக்கும் வித்தையைக் கற்றான். யாரிடம் என்ன கற்றோம் என்பதைக் கடைசிவரை மறைக்காமல் சொன்னவர் ரிச்சர்ட். 1951இல் ஆர்.சி.ஏ. நிறுவனம் இசைத்தட்டுகளும் போட்டது. பெரிதாக எதுவும் நடக்கவில்லை.

1952 பிப்ரவரியில் அப்பாவை மதுக்கூடத்து வாசலிலேயே சுட்டுக் கொன்றுவிட்டார்கள். ரிச்சர்டுக்கு 19 வயது. அம்மா, கீழே வரிசையாகத் தம்பி தங்கைகள். பாட்டு சோறு போடவில்லை. மேக்கன் கிரேஹவுண்ட் பேருந்து நிலையத்தில் பாத்திரம் கழுவும் வேலைக்குச் சேர்ந்தார்.

இங்கே கொஞ்சம் நிற்கிறேன். பெரிய சமையலறையில் பாத்திரம் தேய்த்தவர்கள் இந்த அவையில் இருந்தால் நான் சொல்வது உடனே புரியும். தொட்டி காலியாவதே இல்லை. கடைசி அண்டாவைக் கவிழ்த்து வைத்துவிட்டு நிமிரும்போது, அடிப்பிடித்த இன்னொன்றைக் கொண்டுவந்து வைப்பார்கள். விரல் நுனி சுருங்கி வெளுத்துப்போயிருக்கும், எண்ணெய்ப் பிசுக்கு முழங்கைவரை ஏறியிருக்கும். ரிச்சர்டின் முதலாளியும் அப்படித்தான் பானை பானையாகக் கொண்டுவந்து போட்டுக்கொண்டே இருந்தார். எதிர்த்து ஒரு சொல் பேச முடியாது. ஜார்ஜியாவில் ஒரு கறுப்பினப் பையன் எதிர்த்துப் பேசினால் போவது வேலை மட்டுமல்ல. அதனால் அவர் வாயில் வந்தது இந்தப் பொருளில்லாத சத்தம். "அவாப் பாப்பலூ பாப்... இதையெல்லாம் எடுத்துக்கொண்டு போ!" பல ஆண்டுகள் கழித்து ரிச்சர்டே ஒரு பேட்டியில் சொன்னது இது. திட்டவும் முடியாது, அழவும் பிடிக்காது என்றால் மனிதன் வேறென்ன செய்வான்? இதை நான் முதலில் படித்தபோது பாட்டைத் திரும்பப் போட்டுக் கேட்டேன். அதுவரை களிப்பு மட்டும் கேட்ட இடத்தில் பல்லைக் கடித்த கோபமும் கேட்டது. இன்றுவரை இரண்டும் சேர்ந்தேதான் கேட்கிறது.

அந்தச் சத்தத்தை வைத்து ஒரு பாட்டும் கட்டினார். மதுக்கூடங்களில் பாடுவார். வரிகள் பச்சையாக இருக்கும். இந்த மேடையில் சொல்ல முடியாது.

1955 தொடக்கத்தில், பாடகர் லாயிட் பிரைஸ் சொன்னதன் பேரில், லாஸ் ஏஞ்சலிஸில் இருந்த ஸ்பெஷாலிட்டி என்ற இசைத்தட்டு நிறுவனத்துக்கு ஒலிநாடா அனுப்பினார். மாதக்கணக்கில் பதில் இல்லை. ஒருவழியாக செப்டம்பரில் நியூ ஆர்லியன்ஸில் பதிவு ஏற்பாடானது. கோசிமோ மட்டாஸா என்பவர் ஒரு கடையின் பின்னறையில் நடத்திய ஒலிப்பதிவுக் கூடம். தயாரிப்பாளர் ராபர்ட் 'பம்ப்ஸ்' பிளாக்வெல். வாசிக்க வந்தவர்கள் புகழ்பெற்ற பாடகர் ஃபேட்ஸ் டாமினோவுக்கு வாசித்த அதே கைகள். எல்லாம் இருந்தும் பாட்டு எழவில்லை. கூடத்துக்குள் ரிச்சர்ட் நல்ல பிள்ளையாக அடங்கிப் பாடினார். அந்த ஆளுடைய உடையும் முடியும் ஒன்று சொல்ல, குரல் வேறொன்று சொல்லியது என்பதுதான் பிளாக்வெல்லின் கவலை.

இடைவேளையில் பக்கத்தில் டியூ டிராப் இன் என்ற விடுதிக்குப் போனார்கள். அங்கே ஒரு பியானோ, சுற்றிலும் ஆட்கள். ரிச்சர்ட் துள்ளி உட்கார்ந்து பாத்திரம் கழுவிய நாள்களின் அந்தச் சத்தத்தை எடுத்துவிட்டார். பிளாக்வெல் அந்த இடத்திலேயே முடிவு செய்துவிட்டார், பதிய வேண்டிய பாட்டு இதுதான். ஆனால் வானொலியில் போட முடியாத வரிகள்! பாட்டெழுத வாய்ப்புத் தேடிக்கொண்டிருந்த டாரதி லபோஸ்ட்ரி என்ற இளம்பெண்ணை அழைத்து வரிகளை மாற்றித் தரச் சொன்னார். ஒரு பெண் முன்னால் அந்த வரிகளைப் பாட ரிச்சர்டுக்கு வெட்கம். கடைசியில் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டு பாடிக்காட்டினார்! ஊரையே அலறவைத்த மனிதர் சுவரோடு முகம் வைத்து நிற்கும் அந்தக் காட்சியில்தான் அவர் எனக்கு மிகவும் நெருக்கமாகிறார்.

புது வரிகள் வந்தபோது கூடத்தில் மீதியிருந்தது கால் மணி நேரம். பியானோக்காரருக்குச் சொல்லிக்கொடுக்க நேரமில்லை, ரிச்சர்டே உட்கார்ந்தார். மூன்றே முறை பாடினார். டிரம்ஸ் வாசித்தவர் எர்ல் பால்மர். ரிச்சர்டின் வலது கைக்கு ஈடுகொடுக்கப் போய்த்தான் பின்னால் ராக் அண்ட் ரோல் தாளம் என்று பெயர் பெற்றது தன் கைக்கு வந்தது என்று அவர் சொல்லியிருக்கிறார். ரிச்சர்டின் அந்த வலது கை, பாத்திரம் தேய்த்த அதே கை.

'டூட்டி ஃப்ரூட்டி' அந்த ஆண்டு முடிவதற்குள் வெளிவந்து, கறுப்பின இசைக்கான ரிதம் அண்ட் புளூஸ் பட்டியலில் 2ஆம் இடம்வரை ஏறியது. பணம்? பாட்டின் உரிமையை 50 டாலருக்கு விற்றிருந்தார். விற்கும் இசைத்தட்டு ஒன்றுக்கு அவருக்கு அரை சென்ட். அது போதாதென்று, அதே பாட்டை வெள்ளை இனப் பாடகர் பேட் பூன் பாடி வெளியிட்டார். நாட்டின் பொதுப் பட்டியலில் அந்தப் பதிவே முந்தியது. கஞ்சி போட்டு இஸ்திரி செய்த மாதிரி ஒரு பாட்டு. அதில் சமையலறையும் இல்லை, கோபமும் இல்லை. வெள்ளை வீட்டுப் பிள்ளைகள் பூனின் தட்டை மேசைமேல் வைத்திருப்பார்கள், என் தட்டை இழுப்பறைக்குள் ஒளித்து வைத்திருப்பார்கள் என்று ரிச்சர்ட் சொல்வதுண்டு.

அடுத்த பாட்டில் பதில் சொன்னார். பேட் பூனின் வாயில் நுழையக் கூடாது என்றே 'லாங் டால் சாலி'யைத் துரிதமாக, இன்னும் துரிதமாகப் பாடிப் பதிந்தார்கள். பூன் அதையும் பாடித்தான் பார்த்தார். இந்த முறை பொதுப் பட்டியலிலும் ரிச்சர்டே முந்தினார், 6ஆம் இடம். 1956இல் தென் மாநில அரங்குகளில் வெள்ளையர் மேல்மாடத்தில், கறுப்பினத்தவர் கீழே தரையில் என்று பிரித்து உட்காரவைப்பார்கள். அந்தக் குரல் கிளம்பியதும் மாடத்திலிருந்த பிள்ளைகள் கீழே இறங்கி வந்து கலந்து ஆடினார்கள்.

அந்த ஆண்டு அவர் லாஸ் ஏஞ்சலிஸில் ஒரு வீடு வாங்கி, மேக்கனிலிருந்து அம்மாவையும் தம்பி தங்கைகளையும் கூட்டிக்கொண்டு போனார். பக்கத்து வீட்டுக்காரர் குத்துச்சண்டை வீரர் ஜோ லூயிஸ். பாட்டை இன்னொரு முறை போடச் சொல்கிறேன். இந்த முறை அந்த முதல் சத்தத்தை மட்டும் கவனியுங்கள்.