அடி வாங்கிய படங்களுக்கு வக்காலத்து

எல்லாருக்கும் வணக்கம். விமர்சகர்கள் கழுவி ஊற்றிய படங்களை ரசிப்பது பற்றிப் பேசச் சொன்னார்கள். யோசிக்காமல் ஒப்புக்கொண்டேன், ஏனென்றால் இந்த ஒரு விஷயத்தில் எனக்கு அனுபவம் ஜாஸ்தி. இங்கே உட்கார்ந்திருக்கிற பலருக்கும் அப்படி ஒரு படம் இருக்கும். ஒன்றரை ஸ்டார் வாங்கிய படம், டிவியில் பாதியிலிருந்து வந்தாலும் சேனலை மாற்ற மனம் வராத படம், ஆனால் "பிடித்த பத்துப் படம் சொல்லு" என்று யாராவது கேட்டால் மட்டும் சமர்த்தாக மறந்துபோகிற படம். அதை எப்படி ரசிப்பது என்று யாரும் உங்களுக்குச் சொல்லித்தர வேண்டாம். அதற்காக வாதாடும்போதுதான் நாம் எல்லாரும் சொதப்புகிறோம்.

வழக்கமாக என்ன சொல்லுவோம்? "மூளையைக் கழற்றி வைத்துவிட்டுப் பாருப்பா, ஜாலியா இருக்கும்." இதைச் சொல்கிறவர் படத்தைக் காப்பாற்றுவதாக நினைக்கிறார், உண்மையில் விமர்சகரை விட மோசமாகத் திட்டுகிறார். விமர்சகராவது படம் சரியில்லை என்றதோடு விட்டார். நீங்கள் படமும் மட்டம், அதை ரசிக்க நானும் இரண்டு மணி நேரம் மட்டமாக வேண்டியிருந்தது என்று வாக்குமூலம் கொடுக்கிறீர்கள். அதுவும் பொய் வாக்குமூலம். நல்ல சண்டைக்காட்சி ஓடும்போது மூளை சும்மாவா இருக்கிறது? யார் கையில் துப்பாக்கி, கதவு எந்தப் பக்கம், இவன் திரும்புவதற்குள் அவன் வந்துவிடுவானா என்று விடாமல் கணக்குப் போட்டுக்கொண்டே இருக்கிறது. அந்தக் கணக்கைப் போட விடாமல் கேமராவை ஆட்டிக் குழப்பினால்தான் கொட்டாவி வருகிறது.

அப்புறம் வசூல். இத்தனை கோடி வந்திருக்கிறதே, ஜனங்கள் என்ன முட்டாளா என்று ஒரு வாதம். டிக்கெட் வாங்குவது படம் பார்ப்பதற்கு முன்னால் நடக்கிற காரியம். அதை வைத்துப் படம் பிடித்ததா இல்லையா என்று எப்படிச் சொல்வது? இதை இதோடு விடுவோம்.

"காலம் பதில் சொல்லும்" என்பது கொஞ்சம் கௌரவமான வாதம், ஆதாரமும் கொட்டிக் கிடக்கிறது. பிரெஞ்சு இயக்குநர் ழான் ரெனுவாரின் 'தி ரூல்ஸ் ஆஃப் தி கேம்' 1939இல் பாரீஸில் வந்தபோது அரங்கிலேயே கூச்சல் போட்டார்கள். படத்தை வெட்டிச் சுருக்கிப் பார்த்தும் தேறவில்லை, பிறகு அரசாங்கமே தடை போட்டது. 1959இல் அதைத் திரும்ப மீட்டெடுத்துக் காட்டிய பிறகு, உலகின் சிறந்த படங்கள் என்று யார் பட்டியல் போட்டாலும் அது உள்ளே இருக்கிறது. ஹிட்ச்காக்கின் 'வெர்டிகோ' 1958இல் அரைகுறைப் பாராட்டோடு போய்விட்டது, 2012இல் 'சைட் அண்ட் சவுண்ட்' என்ற சினிமாப் பத்திரிகை சிறந்த படங்களுக்காக நடத்திய வாக்கெடுப்பில் முதலிடம். 1975இல் 'ஷோலே' வந்தபோது முதலில் எழுதியவர்கள் பலர் உதட்டைப் பிதுக்கினார்கள், பம்பாய் மினர்வா தியேட்டரில் அது ஐந்து வருஷத்துக்கு மேல் ஓடியது. 2010இல் ஆளுக்கொரு மாதிரி விமர்சனம் வாங்கிய நம்முடைய 'ஆயிரத்தில் ஒருவன்' படத்தைப் பற்றி இன்றைக்கு யாராவது ஒரு வார்த்தை தப்பாகச் சொல்லிவிட்டு வீடு திரும்ப முடியுமா?

எல்லாம் உண்மைதான். ஆனால் 'வெர்டிகோ'வுக்கு 2012இல் முதலிடம் கொடுத்தது யார்? விமர்சகர்கள். அதாவது விமர்சகர்கள் தப்பு, ஏனென்றால் பின்னால் வந்த விமர்சகர்கள் அப்படிச் சொல்லிவிட்டார்கள் என்று நாம் வாதாடுகிறோம். கோர்ட்டை ஏற்க மாட்டேன் என்று சொல்லிக்கொண்டே அப்பீலுக்குப் போகிற மாதிரி. இன்னொரு சங்கடமும் உண்டு. அடி வாங்கிய படங்களில் முக்கால்வாசிக்கு எந்தக் காலமும் எந்தப் பதிலும் சொல்லப்போவதில்லை. எனக்குப் பிடித்த சில படங்களை மீட்க இன்றுவரை ஒருத்தரும் வரவில்லை, வருவார்கள் என்ற நம்பிக்கையும் எனக்கு இல்லை. அதனால் எனக்கு அவை பிடிக்காமல் போய்விடுமா?

சரி, நல்ல வக்காலத்து எப்படி இருக்கும்? 1967க்குப் போவோம். வங்கிக் கொள்ளையடிக்கிற ஒரு ஜோடியின் கதையான 'போனி அண்ட் கிளைட்' வெளியாகிறது. நியூயார்க் டைம்ஸில் பாஸ்லி க்ரௌதர் என்று ஒரு பெரியவர், நாட்டிலேயே செல்வாக்கான விமர்சகர், கொலைகாரர்களை வைத்துக் கூத்தடித்திருக்கிறார்கள் என்று அடித்தார். ஒரு தடவை அடித்ததோடு நிற்கவில்லை, திரும்பத் திரும்ப எழுதினார். அவர் ஒன்றும் விவரம் தெரியாதவர் இல்லை, தணிக்கைக்கு எதிராகப் பல வருஷம் நின்று சண்டை போட்டவர். நியூஸ்வீக்கில் ஜோ மார்கன்ஸ்டர்ன் என்கிறவரும் மட்டமான துப்பாக்கிச் சண்டைப் படம் என்றுதான் எழுதினார். ஆனால் அவர் மறுபடி போய், டிக்கெட் வாங்கி வந்த கூட்டத்தோடு உட்கார்ந்து அதே படத்தைப் பார்த்தார். அடுத்த வாரமே தன் விமர்சனத்தை வாபஸ் வாங்கி, அதே பத்திரிகையில் வேறு விமர்சனம் எழுதினார். எத்தனை பேருக்கு இது வரும்?

அந்த அக்டோபரில் நியூயார்க்கர் பத்திரிகையில் விமர்சகர் பாலின் கேல் ஒரு நீண்ட கட்டுரை எழுதினார். ஜனங்கள் ரசிக்கிறார்கள், நீ யார் கேட்க என்று அவர் கேட்கவில்லை. எந்த இடத்தில் அரங்கம் சிரிக்கிறது, அந்தச் சிரிப்பு எப்படித் தொண்டையிலேயே நிற்கிறது, அதனால் பார்க்கிறவனுக்கு என்ன ஆகிறது என்று விளக்கினார். படத்தைப் பார்த்தவர்களுக்கு நினைவிருக்கும். வங்கிக் கொள்ளை நடக்கும்போது காரை ஓட்டுகிற பையன் அதை இரண்டு கார்களுக்கு நடுவே நிறுத்தித் தொலைக்கிறான். கொள்ளையடித்தவர்கள் ஓடி வந்தால் கார் இல்லை. அதை முன்னும் பின்னும் இடித்து வெளியே எடுப்பதற்குள் சிரிப்பு தாங்காது. அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் வங்கி ஆள் ஒருவர் ஓடி வந்து காரின் பக்கவாட்டில் தொற்றிக்கொள்கிறார். கிளைட் சுடுகிறான், நேராக முகத்தில். கூத்தடித்திருக்கிறார்கள் என்று க்ரௌதர் சொன்னது தப்பில்லை. அவர் கண்ணில் பட்டதேதான் கேல் கண்ணிலும் பட்டது. எதைக் குறை என்று அவர் எழுதினாரோ அதில்தான் படத்தின் உயிரே இருக்கிறது என்று இந்த அம்மா எடுத்துக் காட்டினார்.

வாதாடுவது என்றால் எனக்குத் தெரிந்து இதுதான். எதிராளி சொன்ன குறையை மறுக்காமல், அதையே கையில் எடுத்துக்கொண்டு, அது படத்துக்குள் என்ன வேலை செய்கிறது என்று காட்டுவது.

நானும் ஒன்று முயற்சி பண்ணிப் பார்க்கிறேன். ஜான் கார்பென்டரின் 'தி திங்', 1982. ஸ்பீல்பெர்க்கின் 'ஈ.டி.' வந்து இரண்டு வாரம்தான் ஆகியிருந்தது, உலகமே அந்த அன்பான வேற்றுக்கிரகக் குட்டியைப் பார்த்து அழுதுகொண்டிருந்தது, அந்த நேரத்தில் மனித உருவத்துக்குள் புகுந்து ஒளிந்துகொள்கிற ஒரு ஜந்துவோடு இது வந்தது. குமட்டுகிறது என்றார்கள், குப்பை என்றார்கள். மோசமான படங்களுக்குக் கொடுக்கிற ராஸி விருதுக்கு எண்ணியோ மாரிகோனேயின் இசையைப் பரிந்துரைத்தார்கள். (அந்தப் படத்துக்குப் போட்டுப் பயன்படுத்தாமல் விட்ட இசைத் துண்டுகளில் சில பிற்பாடு 'தி ஹேட்ஃபுல் எயிட்' படத்தில் வந்தன, 2016இல் அந்தப் படத்துக்காக அவருக்கு ஆஸ்கர் கிடைத்தது. காலத்தைச் சாட்சிக்குக் கூப்பிடாதீர்கள் என்று இப்போதுதான் சொன்னேன், இருந்தாலும் இதைச் சொல்லாமல் விட மனசு வரவில்லை.)

அப்போது வந்த குறைகளில் கனமானது, பாத்திரங்களில் ஆழம் இல்லை என்பது. பனிப்பாலைவனத்தில் பன்னிரண்டு ஆண்கள், யாருக்கும் வீடு வாசல் பற்றிய கதை கிடையாது, மனம் விட்டுப் பேசுகிற காட்சி கிடையாது. உண்மைதான். இப்போது, இவர்களில் யாருக்குள் அந்த ஜந்து ஒளிந்திருக்கிறது என்று கண்டுபிடிக்கிற ரத்தப் பரிசோதனைக் காட்சியை எடுத்துக்கொள்ளுங்கள். மிச்சமிருக்கிற ஆட்களைச் சோபாவிலும் நாற்காலியிலும் கட்டிப் போட்டிருக்கிறது. ஒவ்வொருவர் ரத்தமும் தனித்தனிக் கண்ணாடித் தட்டில். நாயகன் ஒரு செம்புக் கம்பியைப் பழுக்கக் காய்ச்சி ஒவ்வொன்றிலும் வைக்கிறான். மனித ரத்தம் என்றால் 'ஸ்ஸ்' என்று தீய்ந்த சத்தம் மட்டும் வரும். முதல் ஆளுக்கு ஸ்ஸ். தன்னுடையதிலும் வைக்கிறான், ஸ்ஸ். செத்துக் கிடக்கிறவனுடையதிலும் ஸ்ஸ், அப்படியானால் அவன் மனிதன், சற்று முன்னால் அவனைச் சுட்டது வெறும் கொலை. அதைப் பற்றி யோசிக்கக்கூட நேரம் இல்லை. நாயகன் தான் சந்தேகப்படுகிற ஆளிடம், உன்னுடையதைக் கடைசியில் பார்க்கிறேன் என்று பேசிக்கொண்டே, ஏதோ பெயருக்கு அடுத்த தட்டில் கம்பியை வைக்கிறான். ரத்தம் கத்திக்கொண்டு எகிறிக் குதிக்கிறது.

அந்த ஆட்களைப் பற்றி நமக்கு நிறையத் தெரிந்திருந்தால் இந்தக் காட்சி நடக்குமா? அவனுக்கு ஊரில் மனைவி இருக்கிறாள், இவன் அம்மாவுக்குக் கடிதம் எழுதுகிறான் என்றெல்லாம் காட்டியிருந்தால், இவன் அதுவாக இருக்க மாட்டான் என்று மனசு முன்கூட்டியே முடிவு கட்டிவிடும். யாரையும் நம்ப வழியில்லாத ஒரு கதையில், பாத்திரங்களை நமக்குத் தெரியாமல் வைத்ததுதான் கதை சொல்கிற முறை. நீங்கள் ஒப்புக்கொள்ள வேண்டும் என்பதில்லை. அடுத்த தடவை பார்க்கும்போது எதைப் பார்க்க வேண்டும் என்றாவது இப்போது உங்களுக்குத் தெரியும்.

விமர்சகர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. அது கஷ்டமான பிழைப்பு. ஒரே வாரத்தில் நாலைந்து படம், பெரும்பாலும் ஆள் குறைவான அரங்கில், இரவுக்குள் எழுதியும் கொடுக்க வேண்டும். சிரிப்பும் பயமும் பக்கத்து இருக்கையிலிருந்து தொற்றுகிற சமாசாரம், அதனால்தான் நகைச்சுவைப் படமும் பேய்ப்படமும் அவர்களிடம் அதிகம் உதை வாங்குகின்றன என்பது என் அனுமானம். ஒரே மாதிரிக் கதையை அந்த வருஷத்தில் முப்பதாவது தடவை பார்க்கிறவருக்கு வருகிற அலுப்பு நேர்மையான அலுப்புதான். ஆனால் அது அவருடைய அலுப்பு, இரண்டாவது தடவையாகப் பார்க்கிற எனக்கு அது எப்படி வரும்?

கோபம் வருவது அந்தச் சதவீதத்தின் மேல்தான். விமர்சனங்களைத் திரட்டிப் போடுகிற ராட்டன் டொமேட்டோஸ் தளத்தில் ஒரு படத்துக்கு 50 என்று போட்டிருந்தால் நூற்றுக்கு ஐம்பது மார்க் என்று பலர் நினைக்கிறார்கள். அது சாதகமாக எழுதியவர்கள் எத்தனை சதவீதம் என்கிற கணக்கு மட்டுமே. நூறு பேரும் "பரவாயில்லை, ஒரு தடவை பார்க்கலாம்" என்று எழுதிய படம் 100 வாங்கும். ஐம்பது பேர் தலையில் தூக்கி வைத்து ஆடி, ஐம்பது பேர் காறித் துப்பிய படம் 50 வாங்கும், 60க்குக் கீழே போனதால் பச்சைக் கலரில் நசுங்கிய தக்காளிப் படமும் பக்கத்தில் வந்து உட்காரும். எனக்கு அந்த இரண்டாவது படத்துக்குத்தான் டிக்கெட் வேண்டும்.

அதற்காக விமர்சகரின் வீட்டு வாசல் வரை போய்த் திட்டுகிற ரசிகர்களோடு என்னைச் சேர்த்துவிடாதீர்கள். படத்துக்காகப் பேச ஒரு விஷயமும் கையில் இல்லாதவன்தான் எழுதியவரின் குடும்பத்தை இழுக்கிறான். குறையை ஒப்புக்கொள்ளவும் தயங்க வேண்டாம். இரண்டாம் பாதி இழுவைதான், நாயகிக்கு வேலையே இல்லைதான், கிளைமாக்ஸில் லாஜிக் கிடையாதுதான், அப்படியும் அந்த மழைக்காட்சிக்காகத் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன் என்று சொல்கிற ஆள் பேசினால் நான் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு கேட்பேன்.

என் நேரம் முடிந்துவிட்டது. மைக் இப்போது உங்கள் பக்கம் வரும். படத்தின் பெயரைச் சொல்லுங்கள், ஒரே ஒரு காட்சியைச் சொல்லுங்கள். அங்கே மூன்றாவது வரிசையில் ஒருவர் கையைத் தூக்கிப் பாதியிலேயே இறக்குகிறாரே, முதலில் அவரிடம் கொடுங்கள்.