வடதுருவக் கடற்பனியின் கணக்கு

நேயர்களுக்கு வணக்கம். மேட்டூர் அணையின் நீர்மட்டம் எத்தனை அடி என்பதை அன்றாடம் செய்தியில் கேட்டறியும் பழக்கம் நம் டெல்டா மாவட்டங்களில் இன்றும் உண்டு. ஓராண்டு அணை 120 அடியை எட்டிவிட்டது என்பதற்காக, இனிக் குறுவைக்குத் தண்ணீர்ப் பஞ்சமே இல்லை என்று எந்த விவசாயியும் முடிவுகட்டுவதில்லை. ஆர்க்டிக் கடற்பனியைப் பற்றிப் பேசுவோர் பலரிடம் அந்த நிதானத்தைக் காண முடிவதில்லை.

கடல்நீரே உறைந்து மிதப்பதுதான் கடற்பனி. மார்ச்சில் ஏறத்தாழ ஒன்றரைக் கோடி சதுர கிலோமீட்டர் வரை விரியும் இது, கோடை முழுவதும் உருகிச் செப்டம்பரில் மிகக் குறைந்த அளவுக்குச் சுருங்கும். அந்தச் செப்டம்பர் அளவு 1980-களில் 70 லட்சம் சதுர கிலோமீட்டரை ஒட்டி இருந்தது. 2012-இல் ஏறத்தாழ 34 லட்சமாக வீழ்ந்தது. 2025 வரை எந்த ஆண்டும் அதற்குக் கீழே போகவில்லை என்பதைக் காட்டி, பனி மீண்டுவிட்டது என்று சொல்வோர் உண்டு. ஆனால், செயற்கைக்கோள் பதிவிலேயே மிகக் குறைந்த அளவு கண்ட 19 ஆண்டுகளும் 2007-க்கும் 2025-க்கும் இடைப்பட்டவைதான். அதாவது, அக்காலத்தின் ஓராண்டுகூட விடுபடவில்லை.

இந்தக் கணக்கை நம்பலாமா என்று கேட்பது நியாயமே. 1978-இன் இறுதியிலிருந்து செயற்கைக்கோள்கள் பனியும் நீரும் இயல்பாக வெளியிடும் நுண்ணலைகளை அளந்து வருகின்றன. துருவத்தின் நீண்ட இரவோ மேகமூட்டமோ இதற்குப் பெரிய தடையில்லை. கடற்பரப்பை 25 கிலோமீட்டர் பக்கமுள்ள கட்டங்களாகப் பிரித்து, ஒரு கட்டத்தில் நூற்றுக்குப் பதினைந்து பங்காவது பனி இருந்தால், அக்கட்டம் முழுவதையும் பனி பரவிய இடமாகவே எண்ணுகிறார்கள். கோடையில் பனியின்மேல் குளம்போல் தேங்கும் உருகுநீரைக் கருவி திறந்த கடலென்று எண்ணி ஏமாறக்கூடும். அதனால் வரும் பிழையை இந்தத் தாராளமான வரம்பு பெரிதும் குறைத்துவிடுகிறது.

அதைவிடக் கடினமான வேலை, கருவிகள் மாறும்போது அளவுகோல் மாறாமல் காப்பது. 1987-இல் பழைய கருவியும் புதிய கருவியும் சேர்ந்து இயங்கியது ஏறக்குறைய ஆறு வாரங்கள்தான். அந்தக் குறுகிய காலத்தில் இரண்டும் காட்டிய அளவுகளை ஒப்பிட்டுச் சரிசெய்த பிறகே, பதிவு ஒரே தொடராக நீண்டது. வெளியில் அதிகம் பேசப்படாத இந்த உழைப்பைத்தான் நான் பெரிதாக மதிக்கிறேன்.

பரப்போடு வயதும் குறைந்துவிட்டது. 1980-களின் நடுவில் ஆர்க்டிக் பெருங்கடலில் நான்கு ஆண்டுகளுக்கு மேல் உருகாமல் நின்ற பனி ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு இருந்தது. இன்று நூற்றுக்கு ஐந்துக்கும் குறைவு. இளம்பனி மெல்லியது, விரைவில் உருகுவது. பனி விலகிய கருநீலக் கடலோ, வெண்பனி திருப்பியனுப்பிய வெயிலில் பெரும்பகுதியை உள்வாங்கி மேலும் சூடேறுகிறது.

நாகப்பட்டினத்திலும் வேதாரண்யத்திலும் இருந்து கேட்போருக்கு ஒரு விளக்கம். மிதக்கும் பனி ஏற்கெனவே தன் எடைக்கு ஈடான நீரை விலக்கி நிற்பதால், அது உருகுவதனால் நேரடியாகக் கடல்மட்டம் உயர்வதில்லை என்றே சொல்லலாம். உயர்த்துவது கிரீன்லாந்து போன்ற இடங்களில் நிலத்தின்மேல் கிடந்து உருகும் பனி. கூடவே, வெப்பத்தால் விரியும் கடல்நீர். இவ்விரண்டையும் கடற்பனியோடு குழப்பி எழுதும் செய்திகளைச் சற்று எச்சரிக்கையோடு படியுங்கள். நன்றி, வணக்கம்.