ஞாயிறுக்கு வரும் ஞ

(தாராவியில் எழுத்தறிவு நாள் கூட்டத்தில் பேசியது. மேடையில் விட்டுப்போன சிலதையும் சேர்த்து எழுதியிருக்கிறேன்.)

எல்லோருக்கும் வணக்கம். தலைவர் ஐயா அவர்களுக்கும், வாடகை வாங்காமல் இந்த ஹாலைத் தந்த அண்ணாச்சிக்கும், இந்த மழையில் மாட்டுங்காவிலிருந்து டாக்ஸி பிடித்து வந்த தலைமையாசிரியை அம்மாவுக்கும், மைக் செட் தம்பிக்கும் வணக்கம். போன வருஷம் பொருளாளர் அண்ணன் பெயரை விட்டுவிட்டேன் என்று அவர் இன்னும் என்னோடு சரியாகப் பேசுவதில்லை, அதனால் அவருக்கு மட்டும் இரண்டு வணக்கம்.

யுனெஸ்கோ 1966-ல் முடிவெடுத்து, 1967-லிருந்து செப்டம்பர் 8 எழுத்தறிவு நாள். மூன்று விஷயம் சொல்ல வந்தேன்: கென்யாவில் நாம் படிக்கவைக்கும் பிள்ளை, அவளுக்குப் பணம் போகும் வழி, வரவு செலவுக் கணக்கு.

ஊரார் பிள்ளையை ஊட்டி வளர்த்தால் தன் பிள்ளை தானே வளரும். எந்த மேடை ஏறினாலும் இதைத்தான் சொல்கிறேன் என்று கிண்டல் செய்வீர்கள், செய்யுங்கள். அந்தக் கென்யாப் பிள்ளைக்குப் பணம் போடும் எங்கள் சீட்டில் 14 பெண்கள், பாதிப் பேருக்கு இட்லி வியாபாரம். "நம்ம பிள்ளைக்கே பீஸ் கட்ட முடியல, இதுல கிசுமு எங்க இருக்கு?" என்று கேட்டவர்கள் உண்டு. அவள் ஊர்தான் கிசுமு, கென்யாவில் விக்டோரியா ஏரிக்கரையில் இருக்கிறது. மொம்பாசா துறைமுகத்திலிருந்து 1901-ல் அங்கே போய்ச் சேர்ந்த ரயில் பாதையைப் போட்டவர்களில் ஆயிரக்கணக்கானோர் நம் நாட்டிலிருந்து கப்பலேறிய கூலிகள். பஞ்சாப்காரர்கள்தான் அதிகம், ஆனாலும் பிழைக்க ஊரை விட்டுப் போகிறவன் பாடு தாராவிக்கு வந்த திருநெல்வேலிக்காரர்களுக்குத் தெரியாததா?

அங்கே 2003-லிருந்து ஆரம்பப் பள்ளிக்குக் கட்டணம் இல்லை. உயர்நிலைப் பள்ளிக்கு வந்தால் விடுதிச் செலவு, சீருடை என்று வருஷத்துக்கு மூன்று தவணை கட்ட வேண்டும். பணத்தைப் பள்ளிக் கணக்குக்கே அனுப்புகிறோம், யார் கையிலும் கொடுப்பதில்லை. முதல் தடவை பள்ளிப் பெயரில் ஒரு எழுத்தை விட்டுவிட்டோம். இருபது நாள் கழித்துப் பணம் திரும்பி வந்தது, கமிஷன் மட்டும் வரவில்லை. ஒரு எழுத்து!

சரி, அந்தப் பிள்ளை எழுதிய ஒரு கடிதத்துக்கு வருகிறேன். ஜூன் மாதம் அவளிடமிருந்து இங்கிலீஷில் ஒரு கடிதம் வந்தது. எங்கள் பெரியம்மாவின் கோலியில், அதாவது ஒற்றை அறை வீட்டில், எல்லோரும் கூடினோம். பெரியம்மா யாரென்றால், விடிகாலை மூன்று மணிக்கு அடுப்பு மூட்டுகிறவர். கடைக்காரர்கள் தரவேண்டிய பாக்கியைச் சுவரில் கரிக்கோடு போட்டு வைத்திருப்பார், ஒரு ரூபாய் பிசகாது. பேரன் கடிதத்தை வாசித்துத் தமிழில் சொன்னான். கடைசியில் ஒரு கேள்வி: "என் பெயரை உங்கள் எழுத்தில் எப்படி எழுதுவீர்கள்?" முழுப் பெயரை மேடையில் சொல்லக் கூடாது. அந்தப் பக்கத்து லுவோ இன மக்கள் காலையில் பிறந்த பெண்ணுக்கு வைக்கும் அக்கிஞி என்ற பெயர் அதில் இருக்கிறது, அது போதும்.

பெரியம்மா பேரனிடம் பேனாவை நீட்டினார். அவன் இங்கிலீஷ் மீடியம், தமிழ் எழுத வராது. மருமகளிடம் நீட்டினார். அவள் தாராவியில் பிறந்து மராத்தி மீடியத்தில் படித்தவள். பேனா 14 பேரையும் சுற்றியது. எழுதத் தெரிந்தது மாநகராட்சித் தமிழ்ப் பள்ளியில் ஏழாவது படித்த நானும் இன்னொருத்தியும்தான். எங்களுக்குள்ளும் சண்டை. அவள் 'ன்யி' என்றாள், நான் 'ஞி' என்றேன். ஒற்றைக் 'க' போட்டால் 'அகிஞி' என்று வேறு மாதிரி ஒலிக்கும், அதனால் 'க்' வேண்டும் என்று அவள் சொன்னது சரிதான். பெரியம்மாவுக்குப் பொறுமை போய்விட்டது. "ஏட்டி, எந்த 'ஞ'டீ அது?" "ஞாயிறுக்கு வருமே, அந்த ஞ, பெரியம்மா." "காலையில பொறந்த பிள்ளைக்கு ஞாயிறு எழுத்தா! அப்ப நான்தான் எழுதுவேன், கையப் பிடி." பிடித்தேன். இட்லித்தட்டுச் சூடு பட்டுக் காய்த்த கை. நாலு எழுத்துக்கு முக்கால் மணி நேரம்.

மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 7 வயதோ அதற்கு மேலோ ஆனவருக்கு ஏதாவது ஒரு மொழியில் புரிந்து படிக்கவும் எழுதவும் தெரிந்தால் எழுத்தறிந்தவர். அந்தக் கணக்கில் பேரன் தேறிவிடுவான், ஆனால் பாட்டி அவனுக்கு எழுத முடியாது, எழுதினாலும் அவன் படிக்க முடியாது. ஊரார் பிள்ளையை ஊட்டி வளர்க்கிறோம் என்று நினைத்துக்கொண்டிருந்தோம், அந்த ஊரார் பிள்ளை நம்மை ஊட்ட வந்திருக்கிறாள்.

அதனால்தான் இரவு வகுப்பு கேட்கிறேன். தலைவர் ஐயா, அண்ணாச்சி, இந்த ஹால் வாரம் இரண்டு நாள் எங்களுக்கு வேண்டும், எல்லோர் முன்னாலும் கேட்டுவிட்டேன், இனி மறுக்க முடியாது. பிள்ளைகளும் வரட்டும், பாட்டியும் பேரனும் ஒரே பெஞ்சில் உட்காரட்டும். வரவு செலவுக் கணக்கை இரண்டு வணக்கம் வாங்கியவர் சொல்வார்.

செவ்வாய், வெள்ளி, மாவு அரைத்து முடித்த பிறகு எட்டரை மணிக்கு. சிலேட்டு நாங்கள் தருகிறோம். மூக்குக்கண்ணாடி மட்டும் அவரவர் கொண்டு வரவேண்டும். பெரியம்மாவுடையதை இதற்குள் நாலு பேர் இரவல் கேட்டுவிட்டார்கள்.